'டவர் போயிருங்மா... அப்புறம் கூப்பிடறேன்!' - எல்லை முகாமுக்கும் கொங்கு வீட்டுக்கும் நடுவே பேச்சு எப்படி நடக்கிறது?

இரவு எட்டு மணி. அன்னூர் பக்கம் ஒரு தோட்டத்து வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலேயே போன் இருக்கிறது. டி.வி. சத்தத்தைக் குறைத்து வைத்திருக்கிறார்கள். போன் அடித்ததும் கையைக்கூடக் கழுவாமல் அம்மா எடுக்கிறார்.

"சாப்டியா சாமி?"

"ஆச்சுங்மா. நீங்க சாப்டீங்ளா?"

"குளுரு எப்படி இருக்குது அங்க?"

"பரவால்லீங்மா... டவர் போயிருங்மா. அப்புறம் கூப்பிடறேன்."

முக்கால் நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால், மறுநாள் முழுக்க அந்த வீட்டில் இதே பேச்சுதான். 'குரல் கம்மியிருந்துச்சே, சளி புடிச்சிருக்குமோ?', 'எந்த ஊர்ல இருக்கறான்னு சொன்னானா?', 'பொங்கலுக்கு லீவு கேட்டுட்டானா?'

ராணுவத்தில் ஆள் இருக்கும் வீடுகளுக்கு இந்தக் காட்சி புதிதில்லை. அமெரிக்காவில் இருக்கும் பேரனோடு அப்புச்சி தினமும் வீடியோ காலில் பேசுகிற காலம் இது. உள்நாட்டிலேயே இருக்கும் ஒரு ராணுவ வீரரால் மட்டும் ஏன் நினைத்த நேரத்தில் வீட்டோடு பேச முடிவதில்லை? ஊர்ப் பெயரே இல்லாத முகவரிக்குக் கடிதம் எப்படிப் போய்ச் சேர்கிறது? நாலு நாள் போன் வராவிட்டால் வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கோவைக்கும் ராணுவத்துக்கும் என்ன சம்பந்தம்?

கோவை என்றதும் மில், மோட்டார் பம்ப், ஐ.டி. கம்பெனி என்றுதான் பலருக்கு நினைவு வரும். ஆனால், இந்தப் பக்கத்தில் சீருடைக்கும் பெரிய இடம் உண்டு.

இந்திய ராணுவத்தின் மிகப் பழைய காலாட்படைப் பிரிவு மெட்ராஸ் ரெஜிமென்ட். 1758-ல் தொடங்கும் வரலாறு அதற்கு. அதன் பயிற்சி மையம் ஒரு காலத்தில் கோவையை ஒட்டிய மதுக்கரையில் இருந்தது. 1947 பிப்ரவரியில்தான் நீலகிரியின் வெலிங்டனுக்கு மாறியது. இன்றும் புதிதாகச் சேரும் இளைஞர்களுக்கு அங்கேதான் பயிற்சி. மேட்டுப்பாளையத்தில் இருந்து மலை ரயிலில் குன்னூர் தாண்டிப் போனால் வெலிங்டன் ஸ்டேஷனே வரும்.

கோவை ரெட்ஃபீல்ட்ஸ் பகுதியில் 110-ஆவது பிராந்திய ராணுவ பட்டாலியன், விமானப்படை நிர்வாகக் கல்லூரி, கடற்படையின் ஐ.என்.எஸ். அக்ரணி ஆகியவை இருக்கின்றன. கடலே இல்லாத ஊரில் கடற்படைக்கு என்ன வேலை என்று கேட்கலாம். அது மாலுமிகளுக்கான தலைமைப் பண்புப் பயிற்சி மையம். சூலூரில் விமானப்படைத் தளம். தேஜஸ் போர் விமானங்களைக் கொண்ட 18-ஆவது ஸ்குவாட்ரன் 2020 மே 27-ல் செயல்பாட்டுக்கு வந்தது அங்கேதான். துடியலூரை அடுத்த குருடம்பாளையத்தில் சி.ஆர்.பி.எஃப். பயிற்சிக் கல்லூரி இருக்கிறது.

ஆள் சேர்ப்பிலும் கோவை ஒரு மையம்தான். கோவையில் இருக்கும் ராணுவ ஆள்சேர்ப்பு அலுவலகத்தின் கீழ் கோவை, திருப்பூர், ஈரோடு, நீலகிரி, நாமக்கல், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி, திண்டுக்கல், மதுரை, தேனி என 11 மாவட்டங்கள் வருகின்றன. பனியன் கம்பெனியில் ஷிஃப்ட் முடித்துவிட்டு விடிகாலையில் 1,600 மீட்டர் ஓடிப் பழகும் பையன்களைக் கொங்குப் பக்கத்தின் எந்தப் பள்ளி மைதானத்திலும் பார்க்கலாம்.

முகாம் வாழ்க்கை எப்படி இருக்கும்?

எல்லோரும் எப்போதும் எல்லையில் துப்பாக்கியோடு நிற்பதில்லை. ராணுவத்தில் பணியிடங்களைப் 'பீஸ்', 'ஃபீல்டு' என்று இரண்டாகப் பிரித்துப் பேசுவார்கள். பீஸ் ஸ்டேஷன் என்றால் ஊருக்குள் இருக்கும் கன்டோன்மென்ட். அங்கே குவார்ட்டர்ஸ் கிடைத்தால் மனைவி, குழந்தைகளை அழைத்துக்கொள்ளலாம். பள்ளி, கேன்டீன், ஆஸ்பத்திரி எல்லாம் உள்ளேயே இருக்கும். ஃபீல்டு என்றால் எல்லைப் பகுதியோ, பதற்றமான பகுதியோ. அங்கே குடும்பத்துக்கு அனுமதி கிடையாது. பட்டாலியன்கள் இந்த இரண்டுக்கும் இடையே சில வருடங்களுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும்.

பீஸில் ஒரு நாள் என்பது ஏறக்குறைய மணி அடித்தாற்போல் நடக்கும். விடிகாலையில் டீ, பிறகு பி.டி., குளியல், காலைச் சாப்பாடு, பரேடு அல்லது ஆயுதப் பயிற்சி, மதியத்துக்கு மேல் விளையாட்டு, சாயங்காலம் ரோல் கால். சமையற்கூடத்துக்கு 'லங்கர்' என்று பெயர். விசேஷ நாட்களில் அதிகாரிகளும் சிப்பாய்களும் சேர்ந்து சாப்பிடும் விருந்துக்குப் 'பாரா கானா'. மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம் பேசுபவர்கள் கலந்து இருப்பார்கள். இந்தியும் கற்றுக்கொள்ள வேண்டும். லீவில் வரும் மகன் பேச்சுக்கு நடுவே 'டீக் ஹை' என்று சொல்லி, ஆத்தாவிடம் கிண்டல் வாங்குவது இதனால்தான்.

ஃபீல்டு என்றால் கதையே வேறு. மலைமேல் ஒரு சின்ன போஸ்ட்டில் பத்துப் பதினைந்து பேர் மட்டும் இருக்கலாம். கூடாரத்தையோ பங்கரையோ சூடாக வைக்க 'புக்காரி' எனும் அடுப்பு. முறை வைத்துக் காவல், ரோந்து, பனி அள்ளுவது, தண்ணீருக்காகப் பனியை உருக்குவது. உணவு பெரும்பாலும் டின்னில் அடைத்தது. கடுங்குளிரில் செல்போன் பேட்டரி சட்டென்று இறங்கிவிடும். இருக்கிற மின்சாரம் முதலில் ராணுவக் கருவிகளுக்குத்தான். அப்புறம்தான் சொந்த போன்.

இப்போது அந்த முக்கால் நிமிடப் பேச்சை நினைத்துப் பாருங்கள். டவர் கிடைக்கிற ஒரு மூலைக்கு நடந்து வந்து, வரிசையில் நின்று, தன் முறை வந்தபோது பேசியதாகக்கூட அது இருக்கலாம்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இந்தப் பழக்கம் பயிற்சி மையத்திலேயே தொடங்கிவிடுகிறது. பயிற்சிக் காலத்தில் போனைப் பொதுவாக வாங்கி வைத்துவிடுவார்கள். குறிப்பிட்ட நேரத்தில் மட்டுமே கையில் கிடைக்கும். வெலிங்டன் கோவையில் இருந்து மூன்று மணி நேரப் பயணம்தான். ஆனாலும் முதல் சில வாரங்கள் அந்த வீட்டுக்கு அது டெல்லியைவிடத் தூரமாகத்தான் தெரியும்.

ஊர்ப் பெயர் இல்லாத முகவரி

செல்போன் வருவதற்கு முன்னால் எல்லாமே கடிதம்தான். அந்தக் காலத்து இன்லேண்ட் லெட்டர் ஏதாவது வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். எண், பதவி, பெயர், யூனிட், கடைசியில் 'சி/ஓ 56 ஏ.பி.ஓ.' என்று இருக்கும். எந்த ஊர், எந்த மாநிலம், எதுவும் இருக்காது. ஆனாலும் கடிதம் சரியாகப் போய்ச் சேர்ந்தது. இன்றும் சேர்கிறது. எப்படி?

ஏ.பி.ஓ. என்றால் ராணுவ அஞ்சலகம். சூலூர் தபால்பெட்டியில் போடும் கடிதம், சாதாரணத் தபால் வழியாகவே போய் ராணுவத்தின் மத்திய அஞ்சல் நிலையத்தைச் சேரும். 56 ஏ.பி.ஓ. என்று இருந்தால் டெல்லி. கிழக்கு, வடகிழக்குப் பகுதிகளுக்கான 99 ஏ.பி.ஓ. என்று இருந்தால் கொல்கத்தா. எந்த யூனிட் இப்போது எங்கே இருக்கிறது என்ற விவரம் அங்கே இருப்பவர்களுக்குத்தான் தெரியும். அதன்படி பிரித்து, அந்தந்தப் பகுதியின் கள அஞ்சலகத்துக்கு அனுப்புவார்கள். அங்கிருந்து யூனிட்டின் தபால்காரர் எடுத்துப் போவார். கடைசித் தூரம் லாரியாக இருக்கலாம், ஹெலிகாப்டராக இருக்கலாம், முதுகில் மூட்டையாகவும் இருக்கலாம்.

இதில் ஒரு சௌகரியம் உண்டு. பட்டாலியன் ராஜஸ்தானில் இருந்து அருணாச்சலத்துக்கு மாறினாலும் இடமாற்ற விவரத்தை ராணுவத் தபால்துறை பார்த்துக்கொள்ளும். அம்மா எழுதும் முகவரியில் ஊர்ப் பெயர் எதையும் திருத்த வேண்டியதில்லை. தபால்காரர் தொடங்கி பக்கத்து வீட்டுக்காரர் வரை யார் பார்த்தாலும் படை எங்கே இருக்கிறது என்று தெரியவும் தெரியாது.

பின்கோடு இந்தியாவில் 1972 ஆகஸ்ட் 15-ல் அறிமுகமானபோது, முதல் இலக்கமான 9 ராணுவத் தபாலுக்கென்றே ஒதுக்கப்பட்டது. அதே வருடம் மார்ச் 1-ம் தேதிதான் ராணுவ அஞ்சல் பிரிவு தனிப் படைப்பிரிவாக ஆனது. கள அஞ்சலகம் என்ற ஏற்பாடோ அதைவிடப் பழையது. 1856-ல் பாரசீகத்துக்குப் போன படையோடு தொடங்கியது அது. முதல் உலகப் போரில் பிரான்சில் இருந்த இந்தியச் சிப்பாய்கள் எழுதிய கடிதங்களைத் தணிக்கை அதிகாரிகள் படித்து, மொழிபெயர்த்துப் பகுதி பகுதியாகக் குறித்து வைத்தார்கள். அந்தக் குறிப்புகள் இன்றும் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன.

கடிதத்தைவிட வேகமானது தந்தி. ஆனால், தந்திக்காரர் சைக்கிள் தெருமுனையில் திரும்பினாலே வீட்டில் அழுகை தொடங்கிவிடும். முகாம் பக்கமும் அப்படித்தான். 'அம்மாவுக்கு உடம்பு ரொம்ப முடியவில்லை, உடனே புறப்படு' என்று வரும் தந்தியைக் காட்டித்தான் அவசர லீவு கேட்பார்கள். 2013 ஜூலையில் தந்திச் சேவையே முடிவுக்கு வந்துவிட்டது.

நிமிடத்துக்கு 5 ரூபாய், 1 ரூபாய், இப்போது டவர்

கடிதத்துக்கும் செல்போனுக்கும் நடுவே ஒரு எஸ்.டி.டி. பூத் காலம் உண்டு. சாதாரண டவரே எட்டாத மலைகளுக்கு பி.எஸ்.என்.எல்.லின் சாட்டிலைட் போன்தான் துணை. ஒரு யூனிட்டுக்கு ஒன்றோ இரண்டோ இருக்கும். வரிசையாக நின்று பேச வேண்டும். இந்தப் பேச்சுக்கு நிமிடத்துக்கு 5 ரூபாய் கட்டணம். 2017 தீபாவளியையொட்டி, அக்டோபர் 19-ல் இருந்து அது 1 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. மாதம் 500 ரூபாய் கட்டணமும் ரத்தானது.

கேட்கச் சின்ன விஷயம் மாதிரி இருக்கும். ஆனால், 100 ரூபாய்க்கு 20 நிமிடம் பேசியவர், அதே காசில் 100 நிமிடம் பேசலாம் என்றால், குழந்தை ரைம்ஸ் சொல்வதை முழுசாகக் கேட்கலாம்.

சியாச்சினில் 1984 ஏப்ரல் முதல் இந்தியப் படை நிற்கிறது. அங்கே 15,500 அடி உயரத்தில் முதல் செல்போன் டவரை பி.எஸ்.என்.எல்.லும் ராணுவமும் சேர்ந்து நிறுவியது 2023 அக்டோபரில்தான். படை போய் 39 வருடம் கழித்து. 2025 ஜனவரியில் ஜியோவின் 4ஜி, 5ஜி சேவையும் சியாச்சினுக்கு வந்தது.

இதில் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு நடைமுறை விஷயம்: கோவையில் வாங்கிய ப்ரீபெய்டு சிம், ஜம்மு காஷ்மீரிலும் லடாக்கிலும் ரோமிங்கில் வேலை செய்யாது. பாதுகாப்புக் காரணத்துக்காக அங்கே வெளிமாநில போஸ்ட்பெய்டு இணைப்புக்கு மட்டும்தான் அனுமதி. புதிதாக அந்தப் பக்கம் போஸ்டிங் ஆனவரின் நம்பர் திடீரென்று 'சுவிட்ச் ஆஃப்' என்று வந்தால், காரணம் இவ்வளவு எளியதாகக்கூட இருக்கலாம். கிளம்பும் முன்பே போஸ்ட்பெய்டுக்கு மாற்றிக்கொண்டால் இரண்டு பக்கமும் நிம்மதி.

'எங்க இருக்கறே'ன்னு கேட்டா ஏன் சொல்ல மாட்டேங்கறான்?

வீட்டில் அடிக்கடி எழும் மனத்தாங்கல் இது. காரணம் எளிது. ஒரு பட்டாலியன் எங்கே இருக்கிறது, எப்போது நகர்கிறது, எத்தனை பேர் போகிறார்கள் என்பதெல்லாம் எதிர்த்தரப்புக்குப் பயன்படும் தகவல். 56 ஏ.பி.ஓ. முகவரி எதைக் காப்பாற்றுகிறதோ, அதை ஒரே ஒரு லொகேஷன் ஷேர் கெடுத்துவிடும்.

2020 ஜூலையில் ராணுவம் தன் வீரர்களிடம் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டாக் உள்ளிட்ட 89 ஆப்களை போனில் இருந்து நீக்கச் சொன்னது. கெடு, ஜூலை 15. இதை எதிர்த்து ஒரு ராணுவ அதிகாரி டெல்லி உயர் நீதிமன்றம் போனார்; வெளிநாட்டில் இருக்கும் குடும்பத்தோடு தொடர்பில் இருக்க ஃபேஸ்புக் தேவை என்பது அவர் வாதங்களில் ஒன்று. 2020 ஆகஸ்டில் மனு தள்ளுபடியானது. அதே வருடம் அக்டோபரில் ராணுவம் 'சாய்' என்ற சொந்த மெசேஜிங் ஆப்பை உருவாக்கி அறிவித்தது. இந்த விதிகள் காலத்துக்குக் காலம் திருத்தப்படும். ஆனால் அடிப்படை மாறவில்லை: சீருடை, ஆயுதம், இடம், நகர்வு எதுவும் பொதுவெளிக்குப் போகக் கூடாது.

இங்கேதான் வீட்டுக்கும் பொறுப்பு வருகிறது. வீரரின் போனில் இன்ஸ்டா இல்லாமல் இருக்கலாம். தங்கச்சியின் போனில் இருக்குமே! 'அண்ணன் நாளைக்கு லே கிளம்புறாங்க' என்று ஒரு ஸ்டேட்டஸ், பின்னால் பட்டாலியன் போர்டு தெரியும் ஒரு செல்ஃபி... இவை போதும். 'நான் உங்க மகனோட ஆபீசர் பேசறேன், யூனிட் நம்பர் சொல்லுங்க', 'பணம் அனுப்புங்க' என்று வரும் அழைப்புகளுக்கும் இதே எச்சரிக்கை. எந்த விவரமும் கொடுக்காமல் போனை வைத்துவிட்டு, மகனிடமோ ஏற்கெனவே தெரிந்த யூனிட் எண்ணிலோ கேட்டுக்கொள்வது நல்லது.

போன் வராத நாட்கள்

2016 பிப்ரவரி 3. சியாச்சினில் சுமார் 19,600 அடி உயரத்தில் இருந்த ஒரு போஸ்ட்டின் மேல் பனிச்சுவர் சரிந்து விழுந்தது. உள்ளே இருந்த 10 பேரும் 19-ஆவது மெட்ராஸ் பட்டாலியனைச் சேர்ந்தவர்கள். அவர்களில் நான்கு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி மாவட்டங்கள்.

மறுநாளே யாரும் பிழைத்திருக்க வாய்ப்பில்லை என்ற செய்தி வந்துவிட்டது. ஆனால் உடல்கள் கிடைக்கவில்லை. பிப்ரவரி 8 இரவு, கர்நாடகத்தைச் சேர்ந்த லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா பனிக்கு அடியில் உயிரோடு மீட்கப்பட்டார். மற்ற வீடுகளில் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 'ஒருத்தர் பிழைச்சிருந்தா நம்ம பையனும்...' என்ற எண்ணம் வராமல் இருக்குமா? மற்ற ஒன்பது பேரும் பிழைக்கவில்லை. ஹனுமந்தப்பாவும் பிப்ரவரி 11-ல் டெல்லி ராணுவ மருத்துவமனையில் இறந்தார். மோசமான வானிலையால் உடல்கள் ஊர் வந்து சேர மேலும் சில நாட்கள் ஆயின.

2025 மே மாதம், 'ஆபரேஷன் சிந்தூர்' நாட்களிலும் இதே தவிப்பு பல வீடுகளில் இருந்தது. துணை ராணுவப் படையினரின் லீவு ரத்தாகி, ஊரில் இருந்தவர்கள் திரும்ப அழைக்கப்பட்டார்கள். இன்னொரு பக்கம் வாட்ஸ்அப்பில் பழைய வீடியோக்களும் பொய்ச் செய்திகளும் ஓடின.

இந்த மாதிரி நேரங்களுக்கு மூன்று விஷயங்கள் தெரிந்திருப்பது நல்லது.

ஒன்று: போன் வரவில்லை என்பது தானாகக் கெட்ட செய்தி ஆகாது. நகர்வு நேரங்களில் போன் பயன்படுத்தக் கூடாது என்று உத்தரவு வருவது வழக்கம். பனி, மழை, டவர் பழுது, ரோந்து என்று காரணங்கள் நிறைய.

இரண்டு: காயம், உயிரிழப்பு போன்ற செய்தி வாட்ஸ்அப் குரூப் வழியாக வராது. சர்வீஸ் ஆவணத்தில் 'நெக்ஸ்ட் ஆஃப் கின்' என்று பதிவான நெருங்கிய உறவினருக்கு யூனிட் அல்லது ரெக்கார்டு ஆபீஸ் வழியாக முறைப்படி தெரிவிக்கப்படும். அதனால்தான் அதில் இருக்கும் முகவரியும் போன் நம்பரும் பழையதாக இருக்கக் கூடாது. வீடு மாறினால், நம்பர் மாறினால் உடனே மாற்றச் சொல்லுங்கள்.

மூன்று: யாரைக் கேட்பது என்பதை லீவில் வரும்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். யூனிட் அலுவலக எண், நம்பகமான ஒரு சீனியரின் எண், சம்பந்தப்பட்ட ரெக்கார்டு ஆபீஸ் விவரம் (மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு வெலிங்டன்), மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலக எண். ஒரு தாளில் எழுதி பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள். போனில் மட்டும் வைத்திருந்தால், அவசரத்தில் அப்பாருவுக்குத் தேடத் தெரியாது.

லீவு எத்தனை நாள்?

ராணுவத்தில் வழக்கமான முறையில் பணியாற்றும் சிப்பாய்க்கு வருடத்துக்கு 60 நாள் ஆண்டு விடுப்பும் 30 நாள் கேஷுவல் லீவும் உண்டு. 'மூணு மாசம் லீவா!' என்று ஐ.டி.காரர்கள் ஆச்சரியப்படலாம். ஆனால் ஞாயிறு, தீபாவளி, நோம்பி என்று வீட்டுக்கு வந்துபோக முடியாதவருக்கு, வருடத்தில் மீதி ஒன்பது மாதமும் முகாம்தான். அதுவும் கேட்ட தேதியில் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. ஊர் மாரியம்மன் பொங்கலுக்குக் கேட்ட லீவு, ஆடி கழிந்தபிறகு கிடைக்கலாம்.

2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு வருடத்துக்கு 30 நாள்தான் லீவு. நாலு வருடப் பணி. அதன்பின் 25 சதவீதம் பேர் வரை நிரந்தரப் பணிக்குத் தேர்வாகலாம். முதல் வருடம் மாதம் 30,000 ரூபாய் என்றாலும் கைக்கு வருவது 21,000. மீதி சேவா நிதிக்குப் போகும். 2023 தொடக்கத்தில் பயிற்சியில் சேர்ந்த முதல் அணிக்கு நாலு வருடம் முடிகிற கட்டம் இது. 'நம்மளைப் புடிச்சுக்குவாங்களா, திருப்பூருக்கே வந்து வேலை தேடோணுமா?' என்ற கேள்வி இப்போது பல போன் பேச்சுகளில் இருக்கும்.

பயணமும் லேசுப்பட்டதில்லை. கன்னியாகுமரி - கட்ரா ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் கோவை வழியாகத்தான் போகிறது. இங்கே ஏறினால் ஜம்மு பக்கம் போய்ச் சேர ஏறக்குறைய இரண்டரை நாள். கிழக்கே அஸ்ஸாமுக்கு கன்னியாகுமரி - திப்ருகர் விவேக் எக்ஸ்பிரஸும் கோவை வழிதான். மொத்தம் 4,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் ரயில் அது. ஸ்டேஷனில் இறங்கிய பிறகும் மேலே முகாமுக்குப் போக லாரியில் ஒன்றிரண்டு நாள் ஆகலாம். புல்வாமா தாக்குதலுக்குப் பின், 2019 பிப்ரவரியில், டெல்லி - ஸ்ரீநகர், ஜம்மு - ஸ்ரீநகர் வழிகளில் துணை ராணுவப் படையினர் அனைவரும் விமானத்தில் பயணிக்க மத்திய அரசு அனுமதி கொடுத்தது. லீவுப் பயணத்துக்கும் இது பொருந்தும்.

திரும்பிப் போகும் நாளில் கோவை ஜங்ஷனில் அந்தப் பையைத் தூக்கிப் பார்த்தால் தெரியும். பருப்புப் பொடி, எள்ளுருண்டை, முறுக்கு, ஊறுகாய். அரிசிம்பருப்புச் சாதத்தை மட்டும் கட்டிக் கொடுக்க முடியாது என்பதுதான் அம்மாக்களின் கவலை.

பேச்சு மட்டும் போதாது, பேப்பரும் வேண்டும்

தொடர்பில் இருப்பது என்றால் போன் பேசுவது மட்டும் என்று நினைக்கிறோம். ராணுவத்தைப் பொறுத்தவரை, பேப்பரில் இல்லாத மனைவியும் குழந்தையும் அதன் கணக்கில் இல்லை. பின்னால் கண்ணீர் விட வைப்பது பெரும்பாலும் இந்த இடம்தான்.

கல்யாணம் ஆனாலோ குழந்தை பிறந்தாலோ, அதை யூனிட் மூலம் 'பார்ட் டூ ஆர்டர்' போட்டு சர்வீஸ் ஆவணத்தில் ஏற்ற வேண்டும். மருத்துவம், குவார்ட்டர்ஸ், குடும்ப ஓய்வூதியம் என எல்லாவற்றுக்கும் இதுதான் ஆதாரம். தமிழ்நாட்டில் 2009-ம் ஆண்டுச் சட்டப்படி திருமணப் பதிவு கட்டாயம். மண்டபத்தில் கொடுத்த ரசீதோடு நிறுத்திவிடாமல், லீவு முடிவதற்குள் சான்றிதழை வாங்கிவிடுங்கள்.

நம்மூரில் இன்னொரு சிக்கல் இனிஷியல். பள்ளிச் சான்றிதழில் ஒரு மாதிரி, ஆதாரில் இனிஷியல் விரிந்து இன்னொரு மாதிரி, சர்வீஸ் ஆவணத்தில் மூன்றாவது மாதிரி என்று பெயர் இருக்கும். எல்லாம் நன்றாக இருக்கும் காலத்திலேயே இவற்றை ஒன்றாக்கிவிடுவது நல்லது. நாமினி பெயரையும் அப்படியே சரிபாருங்கள். கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரில் போட்ட நாமினேஷன் பல வருடம் மாறாமலே கிடக்கும்.

தோட்டத்து வரப்புத் தகராறு, பங்காளிகள் வழக்கு என்று ஊரில் பிரச்சினை வந்தால்? முகாமில் இருப்பவரால் வாய்தாவுக்கு வர முடியாது. இதற்காகவே 1925-ம் ஆண்டின் இந்தியப் படைவீரர்கள் வழக்குச் சட்டம் இருக்கிறது. போர் அல்லது சிறப்புச் சூழலில் பணியாற்றும் வீரர் ஆஜராக முடியாதபோது, நீதிமன்றம் வழக்கை ஒத்திவைக்க அது வழி செய்கிறது. வீரர் தன் கமாண்டிங் ஆபீசர் மூலம் மாவட்ட ஆட்சியருக்குக் கடிதம் அனுப்புவதும் நடைமுறையில் உண்டு. 2025 ஜூலை 26-ல் தேசிய சட்டப் பணிகள் ஆணையம் 'வீர் பரிவார் சகாயதா யோஜனா' என்ற திட்டத்தையும் தொடங்கியது. படைவீரர்கள், முன்னாள் படைவீரர்கள், அவர்கள் குடும்பத்தினருக்கு, படைவீரர் நல அலுவலகங்களில் சட்ட உதவி மையம் அமைப்பது இதன் நோக்கம்.

மனசுக்கும் ஒரு நம்பர்

'எல்லாம் நல்லாருக்குதுங்' என்று இரண்டு பக்கமும் பொய் சொல்வது ராணுவக் குடும்பங்களில் சகஜம். அப்பாருக்கு ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்ததை மகனுக்குச் சொல்ல மாட்டார்கள். மகனும் காய்ச்சலில் கிடந்ததைச் சொல்ல மாட்டார். அவர் கவலைப்படக் கூடாது என்று இவர்களும், இவர்கள் பயப்படக் கூடாது என்று அவரும். பாசம்தான். ஆனால் விஷயம் வேறு யார் வழியாகவோ தெரியவரும்போது, 'இன்னும் என்னென்ன மறைக்கறாங்களோ' என்ற சந்தேகம் வந்துவிடும். அதன்பின் 'நல்லாருக்கேன்' என்று உண்மையாகவே சொன்னாலும் நம்பிக்கை வராது. பெரிய விஷயங்களைச் சொல்லிவிடுவது, சொல்லும்போதே 'யார் பார்த்துக்கறாங்க, என்ன செலவாச்சு' என்பதையும் சேர்த்துச் சொல்வது இரண்டு பக்கத்துக்கும் நல்லது.

பாரம் அதிகமானால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். ராணுவத்தினருக்கும் அவர்கள் குடும்பத்தினருக்கும் என்றே இதன் தனிப்பிரிவு புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில் 2023 டிசம்பர் 1 முதல் இயங்குகிறது.

குறைந்த நேரத்தில் நிறையப் பேச, பல குடும்பங்கள் ஒரு வழி வைத்திருக்கின்றன. டவர் இல்லாத நேரத்திலும் வாட்ஸ்அப்பில் வாய்ஸ் நோட் போட்டுவிடுவது. குழந்தை படித்த பாடம், பக்கத்துத் தோட்டத்தில் மழை பெய்தது, ஆத்தா திட்டியது. எங்கே இருக்கிறாய் என்ற கேள்வியே அதில் இருக்காது. அங்கே எப்போதாவது நெட் வரும்போது எல்லாம் மொத்தமாக இறங்கும். காவல் முடித்து வந்து, புக்காரி பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொள்ளலாம்.

இன்லேண்ட் லெட்டரும் இதைத்தான் செய்தது. அது இன்னும் போஸ்ட் ஆபீசில் கிடைக்கிறது, விலை இரண்டரை ரூபாய். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ராணுவத்தில் ஆள் இருந்தால், ஒன்று வாங்கி, குழந்தையை நாலு வரி எழுதச் சொல்லிப் போடலாம். சார்ஜ் இல்லாமலும் படிக்கலாம். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இன்னொரு முறையும் படிக்கலாம்.